கல்லும் கஞ்சியும்

தேசபக்தி என்னும் சொல்லை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் போர்களை எவர் கண்கொண்டு நினைவுகூர்கிறோம் என்பதைப் பொறுத்தே அச்சொல்லின் பொருள் அமைகிறது. வன்னியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் கண்டியைப் பிடித்திருந்த ஆங்கிலப் படை அங்கே அழிந்துபோயிருந்தது. சிங்களம் பேசிய மலைநாட்டுக் குடியானவனுக்கும் தமிழ் பேசிய வன்னிக் குடியானவனுக்கும் அன்று எதிரி ஒருவனே.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் படைகளை ஏவினர். ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வன்னியன் தோல்வியுற்றான். பிற்காலத்தில் அங்கே ஆங்கிலத்தில் பொறித்த கல்லொன்று நாட்டப்பட்டது. இவ்விடத்தில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதன் செய்தி. வன்னியனின் நினைவுக்கல்லாக நம் மக்கள் போற்றியது, வென்றவன் தன் வெற்றிக்கு எழுதிய சாசனத்தையே! அக்கல்லும் 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின் உடைத்தெறியப்பட்டது.

வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லி முடித்ததும் மாணவர் முதலில் கேட்பது, "காட்டிக்கொடுத்தவன் யார், சேர்?" என்பதே. காக்கை வன்னியன் என்னும் துரோகியை நாட்டுக்கூத்தும் நாடகமும் அவர்கள் மனத்தில் பதித்துவிட்டன. ஒரு வீரன், ஒரு துரோகி என்று கதையை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் துறைமுகங்களையும் கடல்வழியையும் பீரங்கியையும் உடைய ஒரு பேரரசை, குளத்து நீரை நம்பி வாழ்ந்த சிறு நாடொன்று எதிர்த்தது என்னும் உண்மை அதில் மறைந்துபோகிறது. வன்னியனோடு நின்ற உழவரும் வேடரும் எத்தனை பேர், அவர்தம் பெயர்கள் எவை? கல்லும் கூறவில்லை; கூத்தும் கூறவில்லை.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே முல்லைத்தீவுக் கரையில், முள்ளிவாய்க்காலில், பெருந்துயர் நிகழ்ந்தது. போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. அரிசியும் உப்பும் நீருமாய்க் காய்ச்சிய கஞ்சியே அந்நாட்களில் பலருக்கு உயிர்காத்த உணவு. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் தெருவோரங்களில் அதே கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கின்றனர். அதில் தளபதியின் பெயரில்லை, வெற்றிச் சாசனமில்லை. பசித்தவரின் நினைவு மட்டுமே உண்டு. அதற்கும் அஞ்சுகிறது அதிகாரம்! 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி வழங்கியோர் கைது செய்யப்பட்டனர்.

தெற்கின் வறிய கிராமங்களிலிருந்து சம்பளத்துக்காகப் படையிற் சேர்ந்து மாண்ட இளைஞனின் தாயும் அழுதாள் என்பதையும் நம் மாணவர் அறிதல் வேண்டும். அவளுடைய துயரை அறிவதால் நமது துயர் சிறுத்துவிடாது. போரை ஏவியோர் யார், அதன் விலையைக் கொடுத்தோர் யார் என்று பிரித்தறியும் தெளிவே அதனால் பிறக்கும்.

கல்லை உடைக்கலாம், புதுக்கல்லும் நாட்டலாம். பெயரற்ற மக்களை வரலாற்றின் நடுவில் நிறுத்தும் கல்வியோ ஆசிரியரும் மாணவரும் தம் கையால் ஆக்க வேண்டியது. ஆண்ட பரம்பரையின் புகழ் பாடுவதைவிடக் கடினமான தேசபக்தி அது. வன்னி மண் நம்மிடம் கேட்பதும் அதனையே.