வெட்டுண்ட மூக்கும் வீக்கம் தணித்த முறையும்

1794-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பினாங்கில் பிரான்சிஸ் லைட் காலமானார். அத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி ஏறி அப்பொழுது எட்டாண்டுகளே ஆகியிருந்தன. அதே திங்களில், 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் இலண்டன் இதழ், கம்பெனிப் படையைச் சார்ந்த ஓர் இந்தியரைப் பற்றி வியப்பான செய்தியொன்றை வெளியிட்டது.

கவாஸ்ஜி என்னும் மராத்தியர் ஆங்கிலப் படையில் மாடு ஓட்டியவர். 1792-ஆம் ஆண்டுப் போரில் திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பூனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் மரபினர் ஒருவர் நெற்றித் தோலைக்கொண்டு அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். குரூசோ, பிண்ட்லே என்னும் ஆங்கில மருத்துவர் இருவர் அச்சிகிச்சை முறையை நேரில் கண்டவர்கள்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கத்தியின் திறத்தையே போற்றுவர். ஆனால் மூக்கைக் காத்தது அதன் பின்னர் நிகழ்ந்த பராமரிப்பாகும். நெற்றித்தோல் புருவங்களின் இடையே ஒரு சிறு பட்டையால் மட்டும் ஒட்டியிருக்கும். அதற்கு இரத்தம் வருவதும் மீள்வதும் அவ்வழியேதான். நாளங்கள் அறுபட்டமையால் நீர் தேங்கி வீக்கம் உண்டாகும். அது மிகுந்து பட்டையை நெருக்குமாயின், புதுத்தோல் கறுத்து அழிந்துவிடும்.

அக்கைவினைஞர் தையல் இடவில்லை. 'டெர்ரா ஜப்பானிகா'வை நீரில் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாள் அவற்றைத் தொடவில்லை. பின்னர் நெய்யில் தோய்த்த துணியை இட்டார். நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்து படுத்திருந்தார். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் அடைபடாதபடி மென்துணி செருகப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள்தான் அப்பட்டை அறுக்கப்பட்டது.

அந்தப் புதிர்ப்பெயருக்குரிய பொருள் தமிழர் அறிந்த காசுக்கட்டியே. மலாய் நாட்டிலிருந்து ஏற்றுமதியான கம்பீரையும், அதாவது கத்தக்காம்பையும், வணிகர் அப்பெயராலேயே வழங்கினர். பாக்கின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பினாங்கில், வெற்றிலைத் தட்டில் இடம்பெற்ற பொருள் அது. அதன் துவர்ப்பு திசுக்களைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும்; உலர்ந்த துணியோ மூக்குக்கு மெல்லிய கவசமாக நிற்கும்.

இவ்வுணர்வு பழமையானது. சுசுருத சங்கிதை கன்னத் தோலால் மூக்கு அமைப்பதைக் கூறுகையில், மூச்சுக்கு இரு குழல்களை வைத்து, அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, எள்ளெண்ணெய் தெளிக்கவும் விதிக்கிறது.

இலண்டனில் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் இம்முறையை 1814-இல் கையாண்டு, 1816-இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் நெற்றித்தோல் மூக்கு ஐரோப்பாவில் பரவியது. இன்றும் அம்முறை கைவிடப்படவில்லை.

இன்று காயத்தில் காசுக்கட்டி பூசுவாரில்லை, பூசுவது தீது. மூக்கு அறுவைக்குப் பின் தலையை உயர்த்திப் படுத்தல், குனியாமை, மூக்கைச் சிந்தாமை ஆகியவற்றையே மருத்துவர் வற்புறுத்துவர். வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். நுனி முற்றும் தணிய ஓராண்டும் ஆகலாம். முதல் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துக் கலங்குவோர் இதனை அறிதல் நன்று.

இலண்டன் இதழ் மருத்துவரின் பெயர்களையும் நோயாளியின் பெயரையும் அச்சிட்டது. மூக்கை அமைத்தவரின் பெயரை அச்சிடவில்லை. ஆயினும் நான்கு நாள் கட்டைத் தொடாதிருந்த அவருடைய பொறுமை அச்செய்தியில் பதிவாகியுள்ளது. மருத்துவ வரலாறு அவருக்குச் செலுத்தவேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.