குறியாக்கமும் வாசகர் வருகையும்: தமிழ் இணையதளங்களைச் சென்றடைந்த வழிகளின் வரலாறு (1995–2018)

முன்னுரை

தமிழ் இணையத்தின் வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உருவாக்கப்பட்ட பக்கங்களை வாசகர் எவ்வழியே சென்றடைந்தனர் என்னும் வினா அதே அளவு கவனம் பெறவில்லை. குறியாக்கம் எழுத்தைத் திரையில் காட்டும் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. எப்பனுவல் தேடலில் அகப்படும், எப்பனுவல் அகப்படாது என்பதையும் அதுவே வரையறுத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தேடலுக்கு முந்தைய காலம்

1995 அக்டோபரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் இடம்பெற்றன. 1998இல் மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கத் தொடங்கியது. இக்காலத்தில் தளங்களுக்கு வாசகரைக் கொண்டு சேர்த்தவை மூன்று: 1994இல் தோன்றிய யாகூ போன்ற, மனிதர் தொகுத்த தள அடைவுகள்; மின்னஞ்சல்வழிப் பரிந்துரைகள்; ஒரு தளம் மற்றொன்றுக்குத் தந்த இணைப்புகள்.

1998இல் நிறுவப்பட்ட கூகுள், பக்கங்களுக்கிடையிலான இணைப்புகளை அளவுகோலாகக் கொண்டு தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தியது. ஆயினும் அதன் பயன் தமிழுக்கு உடனே கிட்டவில்லை.

குறியாக்கம் என்னும் தடை

அன்றைய தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட டாம், டாப், நாளிதழ்களின் தனி எழுத்துருக்கள் எனப் பலவகை 8 பிட் குறியாக்கங்களில் அமைந்திருந்தன. ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தமையால், தேடுபொறிக்கு அவற்றுள் பல பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் கோவைகளாகவே தோன்றின.

‘கொ’ என்னும் எழுத்து இதற்குச் சான்றாகும். டிஸ்கியில் அது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாகப் பதிவாகிறது. ஒருங்குறியில் ககரம், ஒகரக்குறி என இரண்டாகவே பதிவாகலாம். வாசகருக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், பொறிக்கு வெவ்வேறு சொற்களாகிறது.

1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே பயன்பாடு பரவியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளர்ந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே உள்ளிட்டுத் தேடும் வாசகர் இம்மாற்றத்தால் உருவாயினர்.

சமூக ஊடகத்தின் வருகை

2006இல் முகநூல் செய்தியோடையை அறிமுகப்படுத்தியது. தேடி வருதல் என்பதோடு, நண்பர் பகிர்ந்ததைக் கண்டு வருதல் என்னும் வழியும் வலுப்பெற்றது. வாசகர் தளத்தின் முகப்பைக் காணாமல் நேராக ஒரு கட்டுரைக்குள் நுழைந்தனர். 2018 ஜனவரியில், நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக முகநூல் அறிவித்தது. உள்ளடக்கம் மாறாதிருக்கவும், வருகையின் வழி வேறொருவர் முடிவால் மாறக்கூடும் என்பதை இது காட்டிற்று. மேலும் வாட்ஸ்அப் வழி வருவோர், எங்கிருந்து வந்தனர் என்னும் குறிப்பு இல்லாமையால், பெரும்பாலும் நேரடி வருகையாளராகவே கணக்கிடப்படுகின்றனர். எனவே வருகைக் கணக்கை வாசிப்பின் முழுமையான சான்றாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

ஒருங்குறிக்கு மாற்றப்படாத முற்காலப் பக்கங்கள் இன்றைய தேடலில் தமிழ்ச் சொல்லுக்கு அகப்படுவதில்லை. அவற்றுள் சில இணைய ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருப்பினும், தள முகவரி தெரிந்தவரே அவற்றை அணுகவும் குறியாக்கம் மாற்றிப் படிக்கவும் முடியும். தேடலில் கிடைப்பவற்றை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வு, தமிழ் இணைய எழுத்தின் தொடக்கத்தைச் சில ஆண்டுகள் பின்தள்ளி மதிப்பிட நேரும். ஆகவே பழைய தள அடைவுகளையும் இணைப்புப் பட்டியல்களையும் முதன்மைச் சான்றுகளாகத் திரட்டுவது இத்துறையின் உடனடித் தேவையாகும். தேடலில் இல்லாமை வரலாற்றில் இல்லாமை ஆகாது.