கடை எரியவில்லை, பூட்டித்தான் கிடந்தது



2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அது வாரக்கணக்கில் நீண்டது. சந்தை இல்லை, சலூன், தையல்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் பூட்டு. வருடா வருடம் கடைக்குக் காப்புறுதி கட்டுகிறோமே, இதுக்கு ஒன்றும் தரமாட்டார்களா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பெரும்பாலான கடைகளுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

காப்புறுதி எங்கள் மரண உதவிச் சங்கம் மாதிரித்தான். எல்லோரும் சந்தா கட்டுகிறோம். இழவு விழுந்த வீட்டுக்குப் பணம் போகிறது. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் இழவு விழாது என்பதால்தான் கணக்கு நிற்கிறது. கொள்ளைநோயோ நீர்வேலியையும் கொழும்பையும் லண்டனையும் ஒரே மாதத்தில் பூட்டியது. அதோடு, தொழில் நின்ற நட்டத்துக்கான காப்புறுதி பொதுவாகக் கட்டடமோ பொருளோ சேதமானால்தான் வேலை செய்யும். எங்கள் கடைகள் எரியவில்லையே.

2003இல் ஆசியாவில் சார்ஸ் நோய் பரவியபோது மன்டரின் ஓரியண்டல் ஹோட்டல் குழுமம் சுமார் 1 கோடி 60 இலட்சம் டொலர் இழப்பீடு பெற்றது. அதைக் கண்ட காப்புறுதி நிறுவனங்கள் தொற்றுநோய்க்குப் பணமில்லை என்ற விதியை ஒப்பந்தங்களில் சேர்க்கத் தொடங்கின. அதே சார்ஸுக்குப் பிறகு விம்பிள்டன் டென்னிஸ் நடத்துபவர்கள் தொற்றுநோய்க்கென்றே கூடுதல் கட்டணம் கட்டி வந்தார்கள். 2020இல் போட்டி நின்றபோது அவர்களுக்குப் பெருந்தொகை கிடைத்தது. பிரித்தானியாவின் சிறு வியாபாரிகளுக்கு 2021 ஜனவரி 15இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கைகொடுத்தது. ஆனால் நோய், அரச தடை பற்றிய வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பு உதவியது.

இங்கே சிறு வியாபாரிக்குக் கிடைத்தது கடன். மத்திய வங்கி தவணையைத் தள்ளிப்போடச் சொன்னது, 4 வீத வட்டியில் தொழில்மூலதனக் கடன் அறிவித்தது. உதவிதான். ஆனால் காப்புறுதிப் பணத்தைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. கடனைக் கட்டத்தான் வேண்டும்.

வேறு வழியே இல்லையா? எங்கள் நாட்டு வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. பின்னர் போரும் வந்தது. வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்கள் இந்த ஆபத்தைச் சுமக்க மறுத்தன. அதனால் 1987இல் அரசே வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென்று ஒரு நிதியம் அமைத்தது. நாடெங்கும் கட்டுகிற சிறு மேலதிகக் கட்டணம் ஒரே இடத்தில் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் உருவானபின் அது அதன் கீழ் வந்தது. 2016இல் வெள்ளம், புயல் போன்றவற்றுக்கும் வீடுகளையும் சிறு தொழில்களையும் சேர்த்து அரசு ஒரு திட்டம் தொடங்கியது.

தனியார் சுமக்க மறுத்த கலவரத்தை நாடு சேர்ந்து சுமக்க முடிந்தது என்றால், கொள்ளைநோய்க்கும் அப்படியொரு நிதியம் கேட்பது பேராசை அல்ல. எங்கள் கூட்டுறவுச் சங்கங்களும் வர்த்தக சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும். நோய் வந்தபிறகு கேட்டால் எந்த நிதியத்திலும் காசு இருக்காது.

அதுவரைக்கும், இந்த வருடம் காப்புறுதி புதுப்பிக்கும்போது முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கலவரம், பயங்கரவாதம் சேர்த்திருக்கிறதா? தொற்றுநோய் பற்றி என்ன எழுதியிருக்கிறது? பதிலை வாயால் கேட்டுக்கொண்டு வராமல், பத்திரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கடை வைத்திருக்கும் உறவுகளுக்கும் இதைப் பகிருங்கள்.