இரு எண்களுக்கு இடைப்பட்ட முழு வர்க்க எண்கள்

ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பது முழு வர்க்க எண்: 1, 4, 9, 16, 25 என இது நீளும். இரண்டு எண்களுக்கு இடையே இவை எத்தனை என்று அறிய, வர்க்கங்களைத் தேடிப்போக வேண்டாம். அவற்றின் மூலங்களை எண்ணினால் போதும். 1000 முதல் 2000 வரையிலான வர்க்கங்களில் முதலாவது 32இன் வர்க்கமான 1024, கடைசி 44இன் வர்க்கமான 1936. 32 முதல் 44 வரை எண்ண, விடை 13. வெறுமனே கழித்து 12 என்று எழுதுவோர் தொடக்க எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

வர்க்க வாய்ப்பாடு மிகப் பழையது. மெசொப்பொத்தேமியாவின் லார்சாவில் 1854இல் கிடைத்த களிமண் பலகைகளில் 59 வரையிலான எண்களின் வர்க்கங்கள் உள்ளன. தமிழகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியின் குழிமாற்றில் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். நிலத்தைக் குழி என்ற பரப்பளவில் அளந்த ஊர்களுக்கு அது அன்றாடத் தேவை. பெரிய எண்களுக்கு வாய்ப்பாடு எட்டாது. இலக்கம் இலக்கமாக வர்க்கமூலம் காணும் வழியை ஆரியபட்டர் 499இல் ஆரியபட்டீயத்தில் தந்தார்.

ஒற்றை எண்களை 1இலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்கங்கள் பிறக்கும் என்பதைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அடுத்தடுத்த வர்க்கங்களின் இடைவெளி 3, 5, 7 என வளர்வதால் அவை போகப்போக அருகுகின்றன. முதல் நூறு எண்களில் பத்து வர்க்கங்கள். 901 முதல் 1000 வரை 961 ஒன்றுதான்.

இந்த அருகலிலிருந்து ஆழமான கேள்வியை எழுப்பியவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த அவருடைய 'இரு புதிய அறிவியல்கள்' 1638இல் லெய்டன் நகரில் அச்சானது. அதில் சல்வியாட்டி என்ற பாத்திரம் கணக்கிடுகிறது: 100 வரை பத்தில் ஒரு பங்கு வர்க்கம், 10,000 வரை நூறில் ஒரு பங்கு, பத்து லட்சம் வரை ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டே. அப்படியானால் எண்கள் எத்தனையோ அத்தனை வர்க்கங்களும் இருக்க வேண்டும். முடிவிலியைப் பற்றிப் பேசும்போது அதிகம், குறைவு, சமம் என்ற சொற்கள் பொருந்தாது என்று கலிலியோ நிறுத்திக்கொண்டார். அவர் நின்ற இடத்தைத் தாண்டத் துணிந்தவர் கணிதவியலாளர் கேன்டர்: ஒன்றுக்கொன்று இணை சேர்க்க முடிந்தால் இரண்டும் சமமே என்றார். 1888இல் டெடெகிண்ட், பகுதி முழுமைக்குச் சமமாகும் அந்தப் புதிரையே முடிவிலிக் கணத்தின் வரையறையாக்கினார். வர்க்கங்களை எண்ணும் எளிய கணக்கு இவ்வளவு தூரம் கொண்டுசென்றது கணித வரலாற்றின் பெரும் வியப்புகளில் ஒன்று.

இன்று வர்க்கங்களை எண்ணும் கணக்கைக் கணினி நொடியில் செய்கிறது. எனினும் 16 இலக்கங்களைத் தாண்டிய எண்களுக்குத் தசம மூலம் கண்டால், வர்க்கத்துக்கு ஒன்று குறைந்த எண்ணும் வர்க்கம்போல் தோன்றக்கூடும். அதனால் முழு எண் மூலத்தைத் துல்லியமாகக் காணும் செயல்கூறு 2019இல் பைத்தான் மொழியில் சேர்க்கப்பட்டது.

தொடர் எண்களை விட்டு, சம இடைவெளியில் அமைந்த எண்களை எடுத்தால் கணக்கு கடினமாகிறது. 1, 25, 49 ஆகிய மூன்று வர்க்கங்களும் 24 இடைவெளியில் நிற்கின்றன. நான்கு வர்க்கங்கள் அப்படி அடுத்தடுத்து நிற்க இயலாது. இத்தகைய தொடர்வரிசையில் வர்க்கங்கள் அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்பதற்கு வால்டர் ரூடின் 1960இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார். பொம்பியேரி, கிரான்வில், பின்ட்ஸ் மூவரும் 1992இல் ஒரு வரம்பை நிறுவினர். 2002இல் பொம்பியேரியும் சன்னியேரும் அதை இன்னும் இறுக்கினர். ரூடினின் ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை.