நகைத்தொழிலில் பல்லேடியம்

பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணிற உலோகம் பல்லேடியம். அணு எண் 46. ஒரு கன சென்டிமீட்டர் பிளாட்டினம் 21 கிராமுக்கு மேல் எடை காட்டும். பல்லேடியமோ 12 கிராம்தான். காற்றில் கறுக்காது. ரோடியம் முலாம் பூசாமலேயே அதன் வெண்மை நிலைக்கும். இத்தனை குணங்கள் இருந்தும், நகைக்கடையில் அதன் இடத்தைப் பெரும்பாலும் மற்ற உலோகங்களின் விலையும் தட்டுப்பாடுமே முடிவு செய்து வந்திருக்கின்றன.

இதைக் கண்டறிந்தவர் லண்டன் வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். 1802இல் பிளாட்டினத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்து, அப்போது புதிதாகத் தென்பட்டிருந்த பல்லாஸ் சிறுகோளின் பெயரைச் சூட்டினார். மறு ஆண்டு, தான் யாரென்று சொல்லாமல் துண்டறிக்கை அச்சிட்டு, சோஹோ பகுதிக் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்தார். ரிச்சர்டு செனெவிக்ஸ் என்ற வேதியியலாளர், இது பிளாட்டினமும் பாதரசமும் சேர்ந்த கலவையே என்று வாதிட்டார். அப்படிச் செய்துகாட்டுவோருக்கு 20 பவுண்டு பரிசு என அறிவிப்பு வந்தது. பரிசை வெல்ல ஆளில்லை. 1805இல் வொல்லாஸ்டன் உண்மையை வெளியிட்டார்.

நகைப்பட்டறைக்குள் பல்லேடியம் பரவலாக நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு பிளாட்டினத்தைப் போர்த்தேவைக்கு ஒதுக்கி, நகை செய்யத் தடை விதித்தது. மோதிரங்களும் வைரப் பதிப்புகளும் பல்லேடியத்துக்கு மாறின. போர் முடிந்து பிளாட்டினம் திரும்பியதும் அந்த வாய்ப்பு சுருங்கியது.

வெள்ளைத் தங்கத்தில் கிடைத்த இடம் அதைவிட உறுதியானது. தங்கத்தின் மஞ்சளை மறைக்க நிக்கலையோ பல்லேடியத்தையோ கலப்பார்கள். நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும், பல்லேடியம் கலந்த தங்கத்தின் தேவை கூடியது.

பட்டறையில் இது எளிதில் வசப்படும் உலோகமல்ல. உருகுநிலை 1,555 டிகிரி செல்சியஸ். தன் கன அளவைப் போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்ச வல்லது. உருகிய நிலையில் வாயு உட்புகுந்தால் வார்ப்பில் நுண்துளைகள் விழும். நகை நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுச் சூழலிலோ உருக்கி வார்க்கிறார்கள்.

2004 வாக்கில் பிளாட்டினம் விலையேறியபோது, சீன நகை உற்பத்தியாளர்கள் பல்லேடியத்தைக் கையிலெடுத்தனர். பிரிட்டனில் 2010 ஜனவரி முதல் ஒரு கிராமுக்கு மேற்பட்ட பல்லேடிய நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது. ஆயிரத்துக்கு 500, 950, 999 பங்கு என மூன்று தரங்கள் வகுக்கப்பட்டன.

ஆனால் உலகப் பல்லேடியத்தின் பெரும்பங்கு பெட்ரோல் கார்களின் புகையைத் தூய்மையாக்கும் கருவிகளுக்கே போகிறது. அந்தத் தேவையால் 2019இல் அதன் விலை தங்கத்தையே முந்தியது. உக்ரைன் போர் தொடங்கி, முக்கிய உற்பத்தி நாடான ரஷ்யாவிலிருந்து வரத்து தடைபடும் என்ற அச்சம் எழுந்ததால், 2022 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது. மலிவு மாற்று என்று அதை வாங்கிய நகைத்தொழில் விலகி நின்றது. 2024 தொடக்கத்தில் விலை 1,000 டாலர் அளவுக்கு இறங்கி, மீண்டும் பிளாட்டினத்தின் அருகே வந்தது.