மாவு மூட்டைக்கு வந்த கோபம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் தொழிலைப் பற்றிப் படித்தாலும், அதில் தன் பைக்குள் போட்டுக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று துழாவுவான். கார்ட்டூன் படக்காரர்கள் தொழில் கற்ற வரலாற்றுக்குள் நான் நுழைந்ததும் அந்தப் பேராசையால்தான்.

1932-ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் ஆர்ட் பாபிட் என்று ஓர் இளம் சித்திரக்காரர் இருந்தார். அந்தக் காலத்து மிக்கி எலிக்குக் கையும் காலும் ரப்பர்க் குழாய்கள், எலும்பேது, மூட்டேது? பாபிட் தம் வீட்டுக்கே ஒரு மாடல் பெண்ணை வரவழைத்து, சகாக்களையும் கூப்பிட்டு, மனித உருவத்தை வரைந்து பழக ஆரம்பித்தார். ஆடையில்லாத மாடல்! கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? செய்தி முதலாளியின் காதுக்கு எட்டியது. பத்திரிகைக்காரர்கள் என்ன எழுதுவார்களோ என்று அவருக்குக் கவலை. 'வகுப்பை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார். ஷுவினார்ட் கலைப் பள்ளியிலிருந்து டான் கிரஹாம் என்ற ஆசிரியர் வந்தார். நவம்பர் 15-ஆம் தேதி இரவுப் பள்ளி தொடங்கிற்று.

அங்கே பிறந்த பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மாவு மூட்டைதான். பாதி நிரம்பிய மூட்டை. அதற்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. கீழே போட்டால் பரந்து அமுங்கும், தூக்கினால் நீளும். ஆனால் உள்ளே இருக்கும் மாவு மட்டும் கூடவோ குறையவோ கூடாது. இந்த மூட்டைக்குச் சந்தோஷம் வர வேண்டும், துக்கம் வர வேண்டும், கோபம் வர வேண்டும். எழுதுங்கள் பார்க்கலாம்!

இன்னும் உண்டு. கிட்டிப்புள் அடிக்கிறவன் முதலில் கையைப் பின்னுக்கு இழுக்கிறான். அந்த இழுப்பைக் காட்டாவிட்டால் அடி கண்ணிலேயே படாது. மாட்டு வண்டி நின்ற பிறகும் அடியில் தொங்கும் லாந்தர் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா? அதுபோல, ஓடிவந்த நாய் நின்றாலும் அதன் காது நிற்காது. ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்தாலும் 12 சித்திரங்கள் வேண்டும். பொறுமைக்குப் பேர்போன நம் கோலம் போடும் பெண்களே மலைத்துப் போவார்கள்.

1934-இல் வந்த ஒரு குறும்படத்தில் புளூட்டோ என்ற நாய், ஈ பிடிக்கும் ஒட்டுத்தாளில் மாட்டிக்கொள்கிறது. மூக்கிலிருந்து எடுத்தால் காலில் ஒட்டுகிறது. காலிலிருந்து உதறினால் பின்னால் ஒட்டுகிறது. நடுநடுவே நாய் நின்று யோசிக்கிறது. அந்த யோசனையில்தான் ஜனங்கள் சிரித்தார்கள். அதை வரைந்த நார்ம் பெர்கூசன் முறையாகச் சித்திரம் பயின்றவரே அல்லர் என்பதைக் கிரஹாமின் மாணவர்கள் எப்படி ஜீரணித்தார்களோ!

'பாம்பி' படத்துக்காக ரிக்கோ லெப்ரன் என்பவர் செத்த மான்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, தோல், தசை, எலும்பு என்று மாலைதோறும் பிரித்துக் காட்டினார். நாற்றம் ஏற ஏற, மாணவர் தொகை இறங்கிற்று.

1937 டிசம்பர் 21-ஆம் தேதி 'ஸ்நோ ஒயிட்' வெளிவந்தது. அதில் பொறாமைக்கார ராணிக்கு உயிர் கொடுத்தவர் பாபிட். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மவர்களுக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

பாபிட் கதை வேறுவிதமாகப் போயிற்று. 1941-இல் தொழிற்சங்கத்தின் பக்கம் நின்றதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மே 29-ஆம் தேதி வேலைநிறுத்தம் வெடித்தது. டிஸ்னி கருமி அல்லர். பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால், வகுப்புக்கு முதல் விதை போட்டவரே வாசலுக்கு வெளியே நின்று கோஷம் போட நேர்ந்ததை என் மனம் லேசாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது. சட்டத்தின் பலத்தால் பாபிட் பின்னால் திரும்பினார், நெடுநாள் நிலைக்கவில்லை.

1973-இல் லண்டனில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற படத் தயாரிப்பாளர் தம் ஸ்டூடியோவின் வேலையை நிறுத்திவைத்தார். தாமும் தம் சித்திரக்காரர்களுமாகப் பென்சிலைச் சீவிக்கொண்டு, அறுபதைத் தாண்டிவிட்ட பாபிட்டின் எதிரே மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.