லினக்ஸ் தீச்சுவரும் ப்ராக்ஸி சர்வரும்

லினக்ஸ் தீச்சுவர் என்பது, லினக்ஸ் இயங்குதளத்தின் மூலஸ்தானமாகிய கர்னலுக்குள்ளேயே அமர்ந்துகொண்டு, யந்திரத்துக்குள் வருகின்ற, யந்திரத்திலிருந்து புறப்படுகின்ற, யந்திரத்தின் வழியே வேறிடம் போகின்ற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் முன்னமே எழுதிவைத்த விதிகளோடு ஒப்பிட்டு, இதை விடலாம், இதை விடக்கூடாது என்று தீர்மானிக்கும் ஏற்பாடு. ப்ராக்ஸி சர்வரோ கர்னலுக்கு வெளியே, மற்றெந்தச் சாதாரண மென்பொருளையும் போல ஓடிக்கொண்டு, உள்ளே இருப்பவர் கேட்கும் பக்கத்தைத் தானே வெளியே சென்று வாங்கி வந்து கையில் கொடுக்கும் தூதன். முன்னது கடிதத்தின் உறைமேல் உள்ள விலாசத்தைப் பார்ப்பது. பின்னது உறையைப் பிரித்துப் படிப்பது. இவ்விரண்டின் சரித்திரத்தையும் தனித்தனியே எழுதுவது வழக்கமாயினும், ப்ராக்ஸி பிரசித்தி பெற்றதே தீச்சுவரில் ஒரு சாளரம் தேவைப்பட்ட காரணத்தால்தான் ஆகையால், இங்கே இரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

ஒட்டி நிற்கும் இரு கட்டடங்களில் ஒன்று தீப்பற்றினால் மற்றொன்றுக்குப் பரவாதபடி இடையில் எழுப்பும் கனத்த சுவருக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரையே கம்ப்யூட்டர்க்காரர்கள் இரவல் வாங்கினார்கள். தமிழில் அது தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் மொழிபெயர்க்கப்பட்டது. தொழிலில் இருப்பவர்கள் ஃபயர்வால் என்றே சொல்கிறார்கள். உண்மையில் இப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. சுவர் எல்லோரையும் தடுக்கும். இதுவோ வருவோரை நிறுத்தி, எங்கிருந்து, எங்கே, என்ன காரியமாக என்று விசாரித்து அனுப்புவது. சுங்கச்சாவடி என்று பெயரிட்டிருந்தால் பாதி விளக்கம் மிச்சமாகியிருக்கும்.

இணையத்தை உபயோகித்தவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்த பரஸ்பர நம்பிக்கையுள்ள மனிதர்களே என்ற எண்ணம் 1988 நவம்பர் 2 அன்று கலைந்தது. கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட, தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் புழு ஒன்று, அன்றிரவே யூனிக்ஸ் யந்திரங்களுக்குள் புகுந்து, ஏறக்குறைய 6,000 யந்திரங்களைத் திணறடித்ததாக அப்போது மதிப்பிடப்பட்டது. வாசலில் காவல் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் பலமாயிற்று. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஜெஃப்ரி மோகல் பொட்டலங்களை வடிகட்டும் முறை ஒன்றை உருவாக்கினார். ஹாலந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் வீட்ஸெ வெனெமா, ஒவ்வொரு சேவையின் கதவருகிலும் நின்று வருவோரின் பெயரைக் குறித்துக்கொள்ளும் டிசிபி ராப்பர் என்ற சிறு கருவியை 1990இல் எழுதினார். அனுமதிக்கப்பட்டோர் பட்டியல் ஒன்று, தடுக்கப்பட்டோர் பட்டியல் ஒன்று என இரண்டே கோப்புகளைக் கொண்ட அந்த எளிய ஏற்பாடு லினக்ஸ் யந்திரங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் 1994இல் வெளியிட்ட நூலே இத்துறைக்குச் சாஸ்திர அந்தஸ்து அளித்தது.

ஹெல்சின்கி சர்வகலாசாலை மாணவரான லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ், 1994 மார்ச்சில் 1.0 என்ற பதிப்பு எண்ணைப் பெற்றபோது அதற்குக் காவல்காரன் என்று யாரும் இல்லை. அவ்வாண்டின் இறுதியில், வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸியில் இருந்த ஆலன் காக்ஸ், பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த வடிகட்டியை லினக்ஸ் கர்னலுக்குள் கொண்டுவந்து பொருத்தினார். அதைக் கையாளுவதற்கு ஹாலந்து தேசத்து யோஸ் வோஸ் முதலானோர் எழுதிய ஐபிஎஃப்டபிள்யூ-அட்மின் என்ற கருவி, 1996இல் வந்த 2.0 கர்னலோடு பரவியது.

அக்காலத்து லினக்ஸை ஜனங்கள் நாடியதற்குப் பாதுகாப்பைவிடப் பெரிய காரணம் சிக்கனம். பல யந்திரங்கள் ஒரே வெளி விலாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் விலாசமாற்று முறை 1994 மே மாதத்தில் ஓர் இணைய ஆவணமாக வெளியாகியிருந்தது. லினக்ஸில் அதற்கு மாஸ்கரேடிங், அதாவது வேஷம் போடுதல் என்று பெயர். உள்ளே பத்து யந்திரங்கள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரு முகமே தெரியும். பதில் திரும்பி வரும்போது, இது யாருக்குரியது என்ற குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பது லினக்ஸின் பொறுப்பு. பழைய 486 யந்திரம் ஒன்றும் மோடமும் இருந்தால் இந்த வித்தை நடந்துவிடும். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் திறந்துவிட்டபின், நம்மூர்களில் முளைத்த பிரவுசிங் சென்டர்கள் சிலவற்றிலும், மேஜைக்கடியில் மானிட்டர்கூட இல்லாமல் கிடந்து ஒரு டெலிபோன் லைனை எட்டுப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது இத்தகைய யந்திரந்தான்.

ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் 1998இல் இவ்வேற்பாட்டைத் திருத்தி எழுதி ஐபிசெயின்ஸ் என்று பெயரிட்டார்; அது 1999 ஜனவரியில் வந்த 2.2 கர்னலில் இடம்பெற்றது. நிர்வாகி தன் இஷ்டம்போல் பெயரிட்டுப் புதிய விதிச்சங்கிலிகளை அமைத்துக்கொள்ளலாம் என்ற சௌகரியம் அதில் இருந்ததாயினும், யந்திரத்தைக் கடந்து செல்லும் பொட்டலமும்கூட உள்வரவு, கடப்பு, வெளிச்செல்கை ஆகிய மூன்று சங்கிலிகளிலும் விசாரிக்கப்பட்டாக வேண்டும் என்ற சிக்கல் தீரவில்லை. தான் எழுதியதைத் தானே போதாதென்று கண்ட ரஸ்ஸல், நெட்ஃபில்டர் என்ற முற்றிலும் புதிய கட்டுமானத்தில் இறங்கினார். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 கர்னலில் அது ஐபிடேபிள்ஸ் என்ற கருவியோடு அரங்கேறியது. லினக்ஸ் தீச்சுவரின் சரித்திரத்தில் மிகச் சிறந்த கட்டம் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

நெட்ஃபில்டரின் அழகு அதன் ஐந்து நிலைகளில் உள்ளது. யந்திரத்துக்குள் நுழைந்த கணத்தில் ஒன்று. இந்த யந்திரத்துக்கே உரியதென்று முடிவானபின் ஒன்று. வேறிடம் செல்ல வேண்டியதென்று முடிவானால் அதற்கு ஒன்று. இங்கேயே பிறந்து வெளியே புறப்படுவதற்கு ஒன்று. கடைசியாக, வாசற்படி தாண்டும் முன் ஒன்று. கடந்து செல்லும் பொட்டலம் இனி உள்வரவுச் சங்கிலியைத் தொடுவதே இல்லை. இதைவிட முக்கியமானது, நெட்ஃபில்டருக்கு வந்த ஞாபகசக்தி. முந்தைய வடிகட்டிகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் முன்பின் தெரியாத அந்நியனாகவே பாவித்தன; இதுவோ, நடந்துகொண்டிருக்கும் சம்பாஷணைகளை ஓர் அட்டவணையில் குறித்துவைத்து, இது புதிது, இது ஏற்கெனவே தொடங்கியதன் தொடர்ச்சி, இது வேறொன்றின் உறவு, இது எதிலும் சேராதது என்று வகைப்படுத்தியது. உறவு என்ற வகையின் அருமையை அறிய எஃப்டிபி என்னும் பழைய கோப்புப் பரிமாற்ற முறையைப் பார்க்க வேண்டும்: அதில் 21ஆம் எண் போர்ட்டில், அதாவது யந்திரத்தின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில், பேச்சு நடக்கும், கோப்போ வேறொரு போர்ட்டில் தனி இணைப்பாக வரும். முதல் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த காவல்காரனுக்கு மட்டுமே, இரண்டாவதாக வந்து நிற்பவன் அழைப்பின் பேரில் வந்தவன் என்பது தெரியும்.

விதிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். விடு என்றோ தடு என்றோ சொல்லும் விதி ஒன்று பொருந்திவிட்டால் அந்தச் சங்கிலியில் தீர்ப்பு அதோடு முடிந்தது. எதுவும் பொருந்தாவிட்டால் சங்கிலியின் பொதுக்கட்டளை எதுவோ அதுவே தீர்ப்பு. இந்த வரிசையை மறந்தவர்களுக்கு நேரும் அவஸ்தை இத்தொழிலில் பிரசித்தமானது. ஆயிரம் மைலுக்கப்பால் உள்ள யந்திரத்துக்குள் 22ஆம் எண் போர்ட் வழியாகப் புகுந்து வேலை செய்யும் நிர்வாகி, அந்தப் போர்ட்டைத் திறந்துவைக்கும் விதியை எழுதுவதற்கு முன்னதாகவே, உள்வரவுக்குப் பொதுக்கட்டளை "தடு" என்று எழுதி என்டர் விசையைத் தட்டிவிடுகிறார். அடுத்து அவர் அடிக்கும் எழுத்து திரையில் விழாது. கட்டளையைத் திரும்பப் பெறும் உரிமையும் அதே கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. விதிகள் நினைவகத்தில் மட்டும் இருப்பவை, கோப்பில் சேமிக்கவில்லை என்றால், யாராவது நேரில் போய் யந்திரத்தை அணைத்துப் போட்டால் பிழைக்கலாம். இதைத் தவிர்க்கவே அனுபவஸ்தர்கள், வேலையைத் தொடங்கும் முன் ஐந்து நிமிஷத்தில் எல்லா விதிகளையும் அழிக்கும்படி யந்திரத்துக்கு ஒரு தவணைக் கட்டளை இட்டுவைப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: விதிகளை அழித்தாலும் பொதுக்கட்டளை அழிவதில்லை, அதையும் "விடு" என்று மாற்றச் சொல்லாதவர், திறந்துவைத்த ஒற்றைத் துவாரத்தையும் தம் கையாலேயே அடைத்துக்கொண்டவராவார்.

இனி ப்ராக்ஸி. தீச்சுவருக்குள் அடைபட்ட நிலையங்களில் இருந்தவர்கள் உலகளாவிய வலையைப் பார்க்க முடியாமல் தவித்தபோது, ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்து வலைச்சர்வரிலேயே, உள்ளிருப்போருக்காக வெளியே சென்று வரும் தூதுப்பணி சேர்க்கப்பட்டது. ஆரி லுவோடோனனும் கெவின் ஆல்டிஸும் 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் வலை மாநாட்டில் இதை விவரித்தார்கள். எல்லோருக்காகவும் ஒருவனே போய் வருகிறான் என்றால், ஒருமுறை வாங்கி வந்ததன் பிரதியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுக்கலாமே என்ற யோசனையும் உடன்பிறந்தது. கொலராடோ சர்வகலாசாலை முதலிய இடங்களில் நடந்த ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டம் அந்த யோசனையை வளர்த்தது. அதிலிருந்து கிளைத்ததே ஸ்க்விட். டுவேன் வெஸல்ஸ் என்பவர் அமெரிக்க தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் பொருளுதவியோடு 1996இல் அதன் முதற்பதிப்பை வெளியிட்டார். ஹார்வெஸ்டின் மற்றொரு கிளை வியாபாரச் சரக்காயிற்று. ஸ்க்விட் இலவசமாகவே நின்று, லினக்ஸோடு இணைபிரியாததாயிற்று.

ஸ்க்விட் காது கொடுத்துக் காத்திருக்கும் போர்ட் 3128. அதனுடைய மாதிரி அமைப்புக் கோப்பு, 100 மெகாபைட் சேமிப்பிடத்தை 16 அறைகளாகவும், ஒவ்வோர் அறையையும் 256 மாடங்களாகவும் பிரித்துக்கொள்ளச் சொல்லும். இந்த 4,096 மாடங்களையும் முதலில் ஒரு கட்டளையால் உண்டாக்கிவிட்டே சர்வரைத் தொடங்குவது சம்பிரதாயம். யார் எதைக் கேட்கலாம் என்ற விதிகள் இங்கும் மேலிருந்து கீழாகவே வாசிக்கப்படுகின்றன. கடைசி வரி "அனைவருக்கும் மறுப்பு" என்றிருப்பது மரபு. எந்த வரியும் பொருந்தாமற்போனால் ஸ்க்விட் கடைசி வரிக்கு நேர்மாறான தீர்ப்பைத் தருமென்பது புதியவர்களை ஏமாற்றும் விசித்திரம். அனுமதி தரும் வரி எதையும் எழுதாமல் "இன்னாருக்கு மறுப்பு" என்ற வரியோடு கோப்பை முடித்தவர், மற்ற உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டவராகிறார்.

ஸ்க்விட்டின் பதிவேட்டைப் பார்த்தால் அதன் அன்றாட வாழ்க்கை தெரியும். வரிக்கு ஒரு கோரிக்கை: 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளில் நேரம், வேலைக்குப் பிடித்த மில்லிவிநாடிகள், கேட்டவரின் விலாசம், சேமிப்பில் "கிடைத்தது" அல்லது "கிடைக்கவில்லை" என்ற குறி, பைட் கணக்கு, கேட்ட பக்கம். கல்லூரிக் கம்ப்யூட்டர் கூடத்தில் நாற்பது பேர் ஒரே பக்கத்தைத் திறக்கும்போது, முதல் வரியில் கிடைக்கவில்லை என்ற குறியும் அதனருகே ஆயிரக்கணக்கில் மில்லிவிநாடியும், பிற்பாடு வரும் வரிகளிலெல்லாம் கிடைத்தது என்ற குறியும் ஒற்றை இலக்கமும் நிற்பதைக் காண்பது, சந்தாப் பணம் கட்டுகிறவருக்குத் தனி ஆனந்தம். தீச்சுவரும் தூதனும் ஒரே யந்திரத்தில் கைகோத்ததும் இங்கேதான்: வலைப்பக்கங்களுக்குரிய 80ஆம் போர்ட்டுக்குப் போகும் பொட்டலங்களை ஐபிடேபிள்ஸ் 3128க்குத் திருப்பிவிட்டால், உபயோகிப்போர் தம் பிரவுசரில் எதையும் மாற்றாமலே, தமக்குத் தெரியாமலே, ப்ராக்ஸி வழியாகப் போய்வருவார்கள். சௌகரியந்தான், நேர்மையானதா என்பது வேறு விஷயம்.

இந்த ஆனந்தத்தைக் குலைத்தது மறைகுறியாக்கம். பக்கங்கள் 443ஆம் போர்ட்டுக்கு, பூட்டிய பெட்டிகளாக மாறத் தொடங்கியபின், ப்ராக்ஸியிடம் வரும் கோரிக்கை "இன்ன ஊருக்கு ஒரு குழாய் போடு" என்பதோடு சரி. குழாய்க்குள் போவது என்ன என்று அதற்குத் தெரியாது. தெரியாததைச் சேமித்துவைக்கவும் முடியாது. உறையைப் பிரித்துப் படித்தவன், மறுபடியும் விலாசம் மட்டும் பார்ப்பவனாகிவிட்டான். சர்வரின் பக்கம் நின்று, வருவோரைப் பல யந்திரங்களுக்குப் பிரித்தனுப்பும் எதிர்த்திசைப் ப்ராக்ஸிக்கே பிற்காலத்தில் செல்வாக்கு மிகுந்தது. ரஷ்யரான இகோர் சிஸோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அவ்வகையில் பெயர்பெற்றது.

மென்பொருளை நிறுவும் முறையும் இதற்குள் மாறிவிட்டது. ஆதியில் மூலநிரலைச் சுருட்டிய மூட்டையாக இறக்கி, அவிழ்த்து, யந்திரத்துக்கேற்பப் பொருத்தி, தொகுத்து நிறுவுவதற்குள், இல்லாத துணைநூலகம் ஒன்றைத் தேடிப் போய் அது வேறொன்றைக் கேட்க, பொழுது அஸ்தமித்துவிடும். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், 1999இல் ஏபிடி என்ற கருவியைத் தன் பதிப்பில் சேர்த்தபின், ஒற்றை வரிக் கட்டளையில் ஸ்க்விட்டும் அதன் பரிவாரமும் வந்து இறங்கின. தீச்சுவருக்கும் அத்தகைய சுலப முகங்கள் உண்டாயின: உபுண்டு 2008இல் யூஎஃப்டபிள்யூவையும், ஃபெடோரா பின்னர் ஃபயர்வால்டியையும் அளித்தன. இவை மேற்பூச்சுகளே, கீழே எழுதப்படுபவை அதே விதிகள்.

ஐபிடேபிள்ஸின் குறை, ஒரே ஒரு விதியைச் சேர்க்கவும் அட்டவணை முழுவதையும் கர்னலிலிருந்து வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப உள்ளே வைக்க வேண்டியிருந்ததே. அதோடு, பழைய விலாசமுறைக்கு ஒன்று, புதிய ஆறாம் பதிப்பு விலாசமுறைக்கு ஒன்று என்பன உள்ளிட்ட நாலு கருவிகள் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்துவந்தன. பேட்ரிக் மெக்ஹார்டி 2009இல் வெளியிட்டு, சில காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, ஸ்பெயின் தேசத்துப் பாப்லோ நெய்ரா அயூஸோவால் புத்துயிர் பெற்ற என்எஃப்டேபிள்ஸ், 2014 ஜனவரியில் 3.13 கர்னலோடு வந்தது. விதிகள் அதில் கர்னலுக்குள் உள்ள ஒரு சிறு கற்பனை யந்திரத்துக்கான கட்டளைகளாக மாறுகின்றன. விதித்தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில், இடையில் பாதுகாப்பற்ற கணம் ஏதுமின்றி, மாற்றிவிடலாம். 2019இல் டெபியனின் பத்தாம் பதிப்பு இதையே இயல்பான ஏற்பாடாகக் கொண்டது. ஆயினும் விரல்களின் பழக்கத்தை மாற்ற எவராலும் இயலாது என்பதை அதை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். நிர்வாகி ஐபிடேபிள்ஸ் என்று பழைய பாஷையிலேயே தட்டுகிறார். அந்தப் பெயரில் அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன் அதைப் புதிய பாஷையாக்கிக் கர்னலிடம் சேர்க்கிறான். பதிப்பு எண் என்னவென்று கேட்டால் மட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுகிறான்.